இரு சுழற்சிகள் இணையும் நொடி

போர்ஷே நிறுவனம் 2021இல் வெளியிட்ட 911 ஜிடி3 மகிழுந்தை வாங்க விழைந்தவர் முன் இரண்டு கியர்ப்பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒன்று, இரட்டைக் கிளட்ச் கொண்டு தானே மாற்றிக்கொள்ளும் ஏழு கியர் கொண்ட பெட்டி. மற்றொன்று, கால் கிளட்சை மிதிக்க, கை கோலை நகர்த்த, ஓட்டுநரே மாற்றும் ஆறு கியர் கொண்ட பெட்டி. இரண்டிற்கும் பொறி ஒன்றே: 4 லிட்டர் கொள்ளளவு, 510 குதிரைத்திறன், நிமிடத்திற்கு 9,000 சுற்று. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை எட்ட முதல் வகைக்கு 3.4 நொடி போதும் என்றும், இரண்டாம் வகைக்கு 3.9 நொடி வேண்டும் என்றும் அந்நிறுவனமே அறிவித்தது.

அரை நொடி சிறிதன்று. அந்த விரைவில் ஓடும் வண்டி அரை நொடிக்குள் ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடும். பந்தயத்தளத்தில் வெற்றியும் தோல்வியும் இதைவிடக் குறுகிய இடைவெளியில் முடிவாவதுண்டு. அப்படியிருந்தும் விரைவின் அருமை நன்கறிந்த ஓட்டுநர்கள் பலர் மெதுவான பெட்டியையே கேட்டு வாங்குகிறார்கள். இதைப் பழமைப்பற்று என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. இந்த விருப்பத்திற்கு இயற்பியலிலும் உடலியலிலும் உறுதியான அடிப்படை இருக்கிறது. அதைக் காண்பதற்குக் கியர் எதற்கு என்னும் தொடக்கக் கேள்விக்கே போகவேண்டும்.

பெட்ரோல் பொறிக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. நின்ற நிலையில் அதனால் எதையும் தள்ள முடியாது. நிமிடத்திற்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்குக் கீழே போனால் அது திணறி அணைந்துவிடும். மேலே போனாலோ ஓர் எல்லைக்குப் பின் காற்றை உள்ளிழுக்க நேரம் போதாமல் முறுக்குவிசை தளரும். சக்கரத்தின் தேவை முற்றிலும் வேறு. சுற்றளவு 2 மீட்டர் கொண்ட சக்கரம், வண்டி மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊரும்போது நிமிடத்திற்கு 83 முறை சுழல்கிறது. 300 கிலோமீட்டரில் பாயும்போது 2,500 முறை சுழல்கிறது. தன் போக்கில் மட்டுமே சுழலத் தெரிந்த பொறியையும் எந்த விரைவிலும் சுழல வேண்டிய சக்கரத்தையும் ஒன்றோடொன்று பேசவைப்பதே கியர்ப்பெட்டியின் வேலை. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்போது சுற்று குறைகிறது, முறுக்குவிசை பெருகுகிறது. கீழ்க் கியர்களில் வலிமையும் மேல் கியர்களில் விரைவும் கிடைப்பது இதனால்தான்.

இதுவரை கையால் மாற்றினாலும் தானே மாறினாலும் வேறுபாடு இல்லை. ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் இரு வழிகளும் பிரிகின்றன.

ஒரு வளைவை நோக்கி வண்டி மூன்றாம் கியரில் வருகிறது என்று கொள்வோம். பொறி நிமிடத்திற்கு 4,000 சுற்றில் ஓடுகிறது. வளைவுக்குள் இரண்டாம் கியர் வேண்டும். இரு கியர்களுக்கும் இடையிலான விகிதம் 1.4 என்றால், வண்டியின் விரைவு அப்போதைக்கு மாறாதிருக்க, பொறி 5,600 சுற்றுக்கு ஏறியாகவேண்டும். சுழலும் பொருளில் தேங்கியிருக்கும் ஆற்றல் அதன் சுழல்விரைவின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். ஆகவே 1.4 மடங்கு சுற்று என்பது ஏறத்தாழ 2 மடங்கு ஆற்றல். இந்த ஆற்றலை யாரேனும் ஒருவர் கொடுத்தாகவேண்டும். ஓட்டுநர் எதையும் செய்யாமல் கிளட்சை விட்டுவிட்டால், வண்டியின் ஓட்டத்திலிருந்தே அது பிடுங்கப்படும். பின்சக்கரங்கள் இழுத்துப் பிடிக்கப்பட்டு, கிளட்ச் தட்டு தேய்ந்து, வண்டி குலுங்கும். பிரேக் பிடித்திருக்கும் நேரம் அது. எடை முன்புறம் சாய்ந்து பின்சக்கரங்கள் தரையை மெல்லவே தொட்டுக்கொண்டிருக்கும். அந்நிலையில் இந்த இழுப்பு சேர்ந்தால் பின்புறம் வழுக்கி வண்டி தன்னையே சுற்றிக்கொள்ளவும் கூடும்.

தேர்ந்த ஓட்டுநர் அந்த ஆற்றலை எரிபொருளிலிருந்து கொடுக்கிறார். வலப்பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியவாறே இருக்கிறது. இடக்கால் கிளட்சை அமிழ்த்துகிறது. கை கோலை மூன்றிலிருந்து நடுவெளிக்கு இழுத்து, பக்கவாட்டில் நகர்த்தி, இரண்டை நோக்கிக் கொண்டுபோகிறது. அதே வேளையில் வலப்பாதத்தின் வெளிவிளிம்பு, பிரேக்கின் மீதுள்ள அழுத்தம் சற்றும் மாறாமல், பக்கத்திலிருக்கும் முடுக்கியை ஒருமுறை தட்டுகிறது. பொறி உறுமி மேலேறுகிறது. அந்த ஒலி உரிய உயரத்தைத் தொடும் நொடியில் இடக்கால் எழுகிறது. எல்லாம் சரியாக அமைந்தால் வண்டிக்குள் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. தலை முன்னே சாயாது, பின்னே சாயாது. இத்தனை வேலையும் நடந்ததற்கு ஒலியின் மாற்றம் ஒன்றே சான்று. இது முழுவதும் ஒரு நொடிக்குள் முடிகிறது.

ஓடும் பேருந்தில் ஏறுபவர் முதலில் அதன் பக்கத்தில் அதே விரைவில் ஓடி, பிறகே கைப்பிடியைப் பற்றிப் படியில் கால் வைப்பார். கியர் மாற்றமும் இதுவே. இரண்டு சுழலும் பொருள்களின் விரைவைச் சமமாக்கிவிட்டு, பிறகு இணைப்பது.

இந்தச் சமமாக்கல் இரண்டு இடங்களில் நிகழ்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொறியும் அதன் பின்முனையில் சுழலும் ஃபிளைவீல் எனும் கனத்த எஃகு வட்டும் ஒரு கூட்டம். அவை கிளட்ச் தட்டோடு சமமாகவேண்டும்; மேலே சொன்ன முடுக்கித் தட்டல் அதற்கானது. பெட்டிக்குள் நுழையும் தண்டும் அதனோடு சேர்ந்து சுழலும் கிளட்ச் தட்டும் இன்னொரு சிறு கூட்டம். அவை, கை தேர்ந்த பற்சக்கரத்தின் வழியே சக்கரங்களின் சுழற்சியோடு சமமாகவேண்டும். எமில் லெவாசோர் 1890களில் பிரான்சில் வடிவமைத்த நகரும் பற்சக்கரப் பெட்டியில் இந்த இரண்டாம் சமமாக்கலுக்கு உதவ எதுவுமே இல்லை. சுழலும் பற்களை நேருக்கு நேர் மோதவிட்டுத்தான் இணைக்கவேண்டும். 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பிய பந்தயத்தில் லெவாசோர் 48 மணி நேரத்துக்கும் மேலாக, ஏறத்தாழ ஓய்வின்றி ஓட்டினார். ஒவ்வொரு மாற்றத்திலும் காதையும் கையையும் மட்டுமே நம்பி ஓட்டியிருக்கவேண்டும் என்பதை நினைக்கையில் வியப்பு மேலிடுகிறது. அக்காலத்து ஓட்டுநர்கள் ஒரு மாற்றத்திற்குக் கிளட்சை இருமுறை மிதித்தார்கள்: நடுவெளிக்குப் போக ஒருமுறை, அங்கே கிளட்சை விட்டு முடுக்கியால் தண்டின் சுற்றை ஏற்றிக்கொண்டபின் அடுத்த கியருக்குள் போக மறுமுறை.

இந்தத் தொல்லையை நீக்கியவர் எர்ல் தாம்சன் எனும் அமெரிக்கப் பொறியாளர். அவர் வகுத்த சிங்க்ரோமெஷ் அமைப்பை 1928இல் காடிலாக் தன் மகிழுந்துகளில் பொருத்தியது. இன்றைய கைமுறைக் கியர்ப்பெட்டிகளின் உள்ளே இருப்பது அதன் வழித்தோன்றலே. ஒவ்வொரு பற்சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு கூம்பு. அதன் மேல் பெரும்பாலும் பித்தளையாலான ஒரு வளையம். வளையத்தின் விளிம்பில் சாய்ந்த முனை கொண்ட சிறு பற்கள். கை கோலைத் தள்ளும்போது, நகரும் உறை ஒன்று அந்த வளையத்தைக் கூம்பின் மீது அழுத்துகிறது. உராய்வு தண்டின் சுழற்சியையும் பற்சக்கரத்தின் சுழற்சியையும் ஒன்றாக்குகிறது. சுழற்சி வேறுபாடு எஞ்சியிருக்கும்வரை வளையம் சற்றே திருகி நின்று, தன் பற்களால் உறையின் வழியை அடைத்துக்கொள்கிறது. வேறுபாடு அற்றுப்போகும் நொடியில் திருகல் தளர்கிறது; வழி திறக்கிறது; உறை வழுக்கிச் சென்று பற்சக்கரத்தைப் பூட்டுகிறது.

கோலைப் பற்றியிருக்கும் உள்ளங்கைக்கு இவை அனைத்தும் தெரியும். முதலில் ஒரு மெல்லிய தடை. பிறகு அந்தத் தடை கரைவது. பிறகு கோல் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளப்படுவது போன்ற ஓர் அசைவு. கண்ணால் காணமுடியாத ஓர் இடத்தில் இரண்டு எஃகுப் பொருள்கள் ஒரே விரைவை அடைந்துவிட்டன என்னும் செய்தி, கம்பியும் கணினியும் இன்றி, உலோகத்தின் வழியே விரல்களுக்கு வந்து சேர்கிறது. காலைக் குளிரில் கியர் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது அதே தடை நெடுநேரம் நிற்பதையும், வண்டி சூடேறியபின் குறைவதையும் கை அறியும். வளையம் தேய்ந்துபோன பெட்டியையும் கைதான் முதலில் கண்டுகொள்ளும். மகிழுந்தின் வேறெந்த உறுப்பும் தன் உள்நிலையை ஓட்டுநரிடம் இவ்வளவு நேரடியாகச் சொல்வதில்லை.

தாம்சன் அதோடு நிற்கவில்லை. 1939இல் ஓல்ட்ஸ்மொபில் அறிவித்த ஹைட்ராமேடிக் எனும் முழுமையான தன்னியக்கக் கியர்ப்பெட்டியை உருவாக்கிய குழுவுக்கும் அவரே தலைவர். கியர் மாற்றுவதை எளிதாக்கியவரே அதைத் தேவையற்றதாக்கவும் முனைந்தார் என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி. அதற்கு முன்பே, 1905இல், ஹெர்மன் ஃபோட்டிங்கர் எனும் செருமானியர் பாய்மத்தின் வழியே சுழற்சியைக் கடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நீராவிச் சுழலியின் மிகுவிரைவைக் கப்பலின் உந்துசுழலிக்கு ஏற்பக் குறைப்பதே அவர் நோக்கம். கப்பலுக்காகப் பிறந்த அந்தக் கருத்து பின்னர் மகிழுந்துக்கு வந்தது. கிளட்ச் தட்டுக்கு மாறாக எண்ணெய் சுழன்றது. இடக்காலுக்கு வேலை ஒழிந்தது.

அதைக் குறைகூற என்னிடம் எதுவும் இல்லை. நெரிசலில் நூறு அடிக்கு ஒருமுறை நின்று நகரும் நகர ஓட்டத்துக்குத் தன்னியக்கக் கியரே ஏற்றது. இடக்கால் இயங்காத ஒருவருக்குச் சாலையைத் திறந்துவிட்டது அதுவே. என் பேச்சு முழுவதும் ஓட்டும் இன்பத்துக்கென்றே வாங்கப்படும் விரைவு மகிழுந்தைப் பற்றியது மட்டும்.

அங்கும் தன்னியக்கம் வெறுங்கையோடு வரவில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் அடோல்ஃப் கெக்ரெஸ் 1939இலேயே இரட்டைக் கிளட்ச் முறையை எண்ணிப்பார்த்திருந்தார். ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு தண்டில், இரட்டைப்படைக் கியர்கள் மற்றொரு தண்டில், ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு கிளட்ச். மூன்றாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காம் கியர் பூட்டப்பட்டுக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடுவதும் மற்றொன்று பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசை அறுபடுவதே இல்லை. போர்ஷே இதை 1980களில் தன் 956, 962 பந்தய வண்டிகளில் பழக்கியது. 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியே அது பொதுச்சாலைக்கு வந்தது. ஓட்டுநரின் கை மிக விரைந்தாலும் ஒரு மாற்றத்துக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்காவது எடுக்கும். இந்தப் பெட்டிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கே மிகுதி. மனிதனால் இதை வெல்ல முடியாது. வெல்ல முடியும் என்று சொல்பவர் கைமுறைக் கியருக்கு நன்மை செய்யவில்லை.

பந்தயக் களத்தில் இந்த வழக்கு முடிந்து நெடுங்காலம் ஆகிறது. ஃபெராரிக்காக ஜான் பர்னார்ட் வடிவமைத்த 640 எனும் பார்முலா ஒன் வண்டியில், திசைமாற்றிச் சக்கரத்தின் பின்னிருந்த சிறு இதழ்களை விரலால் இழுத்தால் கியர் மாறியது. கியர்க்கோலும் அதற்கான இணைப்புகளும் அகன்றதால் வண்டியின் உடலை ஒடுக்கமாக்க முடிந்தது என்பது பர்னார்டின் கணக்கில் பெரிய ஊதியம். 1989 மார்ச்சில், பிரேசிலின் சகரெபாகுவா தளத்தில், அந்த வண்டி தன் முதல் போட்டியிலேயே நைசல் மேன்செல் கையில் வென்றது. அந்தப் பருவம் முழுவதும் அது அடிக்கடி பழுதாகி நின்றது என்றாலும், எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது.

கோல் பிடித்து ஓட்டிய பார்முலா ஒன் வண்டி கடைசியாக உலகப்பட்டம் வென்றது 1991இல். மெக்லாரன் எம்பி4/6, ஹோண்டாவின் 12 உருளைப் பொறி, ஓட்டியவர் அயர்ட்டன் சென்னா. அவ்வாண்டு மார்ச் 24 அன்று, அவர் பிறந்த சாவோ பாவுலோ நகரின் இன்டர்லாகோஸ் தளத்தில் நடந்ததைக் கியரைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் மறக்கமாட்டார். போட்டி முதிர முதிர அவருடைய கியர்ப்பெட்டி ஒவ்வொன்றாகக் கியர்களை இழந்தது. முதலில் நான்காம் கியர் போயிற்று. இறுதிச் சுற்றுகளில் ஆறாம் கியர் மட்டுமே எஞ்சியது. நேர்ச்சாலையில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கென்று அமைந்த கியரில், மெதுவான வளைவுகளுக்குள் பொறி அணைந்துவிடாமல் வண்டியை இழுத்துவரவேண்டும். போதாததற்கு மழையும் தூறியது. ரிக்கார்டோ பத்ரேசே பின்னாலிருந்து நெருங்கி வந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ 3 நொடி இடைவெளியில் சென்னா வென்றார். தன் நாட்டில் அவர் பெற்ற முதல் வெற்றி அது. தோளும் கைகளும் இறுகிப்போய், பிறர் உதவியின்றி அவரால் வண்டியிலிருந்து எழ முடியவில்லை.

அதே போட்டியில் வில்லியம்ஸ் அணிக்காக ஓடிய மேன்செலின் அரைத் தன்னியக்கப் பெட்டியும் பழுதாகி, அவர் பாதியில் விலகினார். ஆகவே இக்கதை எந்தப் பெட்டி உறுதியானது என்பதற்குச் சான்றாகாது. ஒரு கியர் இல்லாமற்போனால் ஓட்டுநரின் உடல் எதை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் வேறில்லை என்பதால்தான் இங்கே சொன்னேன்.

பந்தயத்தில் ஓட்டுநர் கடிகாரத்துக்குக் கடமைப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மலைச்சாலைக்கு வண்டியை எடுத்துச் செல்பவர் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர். அவர் நாடுவது ஓட்டும் செயலையே. போர்ஷே நிறுவனம் இதை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2013இல் அது வெளியிட்ட ஜிடி3யில் கைமுறைக் கியரே கிடையாது. தளத்தில் விரைவானது எதுவோ அதுவே போதும் என்று பொறியாளர்கள் முடிவுசெய்திருந்தார்கள். வாங்குவோர் வருந்தினார்கள். 2016இல் கைமுறைக் கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் எனும் வண்டியை, எண்ணி 991 மட்டும், அந்நிறுவனம் செய்தது. அவை கைமாறியபோது முதல் விலையைப் பன்மடங்கு விஞ்சின. அடுத்த ஆண்டே ஜிடி3க்குக் கைமுறைக் கியர் திரும்பிவந்தது. டொயோட்டாவும் 2019இல் தன்னியக்கக் கியரோடு மட்டும் வெளியிட்ட சுப்ராவுக்கு 2022இல் கைமுறைக் கியரைச் சேர்த்தது. ஹோண்டா எஸ்2000 இந்தத் தடுமாற்றத்துக்கே ஆளாகவில்லை. 1999 முதல் பத்தாண்டு, ஆறு கியர் கைமுறைப் பெட்டி ஒன்றோடு மட்டுமே அது விற்கப்பட்டது.

இந்த ஏக்கம் உடலின் எந்த மூலையில் பிறக்கிறது? உடலியலாளர் சார்லசு செரிங்டன் 1906இல் ஓர் உணர்வுக்குத் தனிப்பெயர் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வுக்கு. தசைகளுக்குள் கதிர்போன்ற நுண்ணுறுப்புகளும், தசைநாண்களில் இழுவிசை அளக்கும் நரம்பு முனைகளும் இதற்கென்றே அமைந்துள்ளன. 1911இல் ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் எனும் இரு நரம்பியல் மருத்துவர்கள் இன்னும் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். மூளை தன் உடலைப் பற்றி வைத்திருக்கும் வரைவு தோலோடு முடிவதில்லை. கையாளும் கருவியின் நுனிவரை அது நீள்கிறது. ஒரு பெண்ணின் இட உணர்வு அவர் தொப்பியில் சூடிய இறகு வரை நீளக்கூடும் என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

கியர்க்கோலுக்கு இது அப்படியே பொருந்தும். சில மாதம் ஓட்டியவரின் உடல்வரைவு கோலின் முனையோடு நிற்காமல், அந்தப் பித்தளை வளையம் வரை இறங்கிப்போகிறது. இடப்பாதம் கிளட்ச் தட்டு பிடிக்கத் தொடங்கும் இடத்தை அறிகிறது. காது பொறியின் சுற்றை, அளவுமானியைப் பார்க்காமலேயே, ஏறத்தாழச் சொல்லிவிடுகிறது. இந்த அறிவு கற்கப்படுவது எவ்வாறு என்பதற்கு டேவிட் மார் 1969இல் முன்வைத்த கோட்பாடு இன்றும் அடித்தளமாக இருக்கிறது. சிறுமூளை அசைவுகளைக் கற்கும் பொறியமைப்பு என்றார் அவர். அதை விரித்தவர்கள், எதிர்பார்த்ததற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலான பிழையே அந்தக் கல்விக்கு ஆசான் என்று காட்டினார்கள். பிழையின் அளவு உடனே, தெளிவாக, உடலுக்கே தெரியும்போது கல்வி விரைகிறது.

கைமுறைக் கியர் ஒவ்வொரு மாற்றத்திலும் இப்படி ஒரு பிழையை ஓட்டுநருக்குக் கொடுக்கிறது. முடுக்கியைக் குறைவாகத் தட்டினால் வண்டி முன்னே குனியும். மிகையாகத் தட்டினால் முன்னே பாயும். எவ்வளவு குனிந்தது, எவ்வளவு பாய்ந்தது என்பதை முதுகெலும்பே அளந்துவிடும். அடுத்த வளைவில் அது திருத்தப்படும். இரட்டைக் கிளட்ச் பெட்டியிலும் இதழ்களை இழுத்துக் கியரைத் தேரலாமே என்பது வலுவான எதிர்க்கேள்வி. தேரலாம். எந்தக் கியர் என்னும் முடிவு ஓட்டுநரிடமே இருக்கும். ஆனால் இரு சுழற்சிகளையும் சமமாக்கும் வேலை கணினிக்குப் போய்விடும். அது ஒருபோதும் பிழை செய்யாது. முதல் நாள் இழுத்தவருக்கும் பத்தாண்டு இழுத்தவருக்கும் ஒரே நேர்த்தியான மாற்றம் கிடைக்கும். வளர்வதற்கு அங்கே இடமில்லை. என் வழக்கின் உயிர்நிலை இதுதான்.

முன்கூட்டி அறிவதும் இதில் அடங்கும். கைமுறைக் கியரில் ஓட்டுபவர் வளைவு வருமுன் அதைப் படித்தாகவேண்டும்: எவ்வளவு இறுகும், வெளியேறும்போது ஏற்றமா இறக்கமா, எந்தச் சுற்றில் பொறி இருந்தால் தேவையான இழுப்பு கிடைக்கும். தன்னியக்கப் பெட்டிகளில் பெரும்பாலானவை சாலையைப் பார்ப்பதில்லை; முடுக்கியின் அழுத்தம், விரைவு, பிரேக்கின் வலு ஆகியவற்றிலிருந்து உய்த்துணர்கின்றன. செயற்கைக்கோள் வழியே சாலை வடிவை அறிந்து கியரைத் தேரும் ஏற்பாட்டை ரோல்ஸ் ராய்ஸ் 2013இல் தன் ரைத் மகிழுந்தில் கொண்டுவந்தது. அமைதியாகப் பயணம் செய்ய விரும்பும் ஒருவருக்கு அது சிறப்பான பணிவிடை. விரைவு மகிழுந்தின் ஓட்டுநருக்கோ, அந்த வாசிப்பே அவர் அங்கு வந்ததன் பாதிக் காரணம்.

கோர்டன் மரே இதை நன்கு உணர்ந்த வடிவமைப்பாளர். 1992இல் அவர் உருவாக்கிய மெக்லாரன் எஃப்1 மகிழுந்தில் இருந்தது ஆறு கியர் கைமுறைப் பெட்டி. 1998இல் செருமனியின் எரா-லெசியன் தளத்தில் ஆண்டி வாலஸ் அதை மணிக்கு 386 கிலோமீட்டருக்கு ஓட்டி உலக அளவை நாட்டினார். அரை நூற்றாண்டு பட்டறிவுக்குப் பின் மரே செய்த டி.50 மகிழுந்திலும் கோலும் கிளட்சும்தான். அதன் எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. பொறி நிமிடத்திற்கு 12,100 சுற்றுவரை போகும்.

ஃபிளைவீல் இங்கே மீண்டும் பேச்சுக்கு வருகிறது. கனத்த வட்டு பொறியைச் சீராக ஓடவைக்கும், ஆனால் சுற்று ஏறவும் இறங்கவும் நேரமெடுக்கும். இலேசான வட்டு முடுக்கியின் ஒவ்வொரு தட்டலுக்கும் உடனே விடைசொல்லும், ஆனால் கிளட்சை முரட்டுத்தனமாக விடுபவரை மன்னிக்காது. 2023இல் போர்ஷே 911 எஸ்/டி எனும் வண்டியைக் கைமுறைக் கியரோடு மட்டும் வெளியிட்டபோது, கிளட்சையும் ஃபிளைவீலையும் சேர்த்துச் சுழலும் எடையில் 10.5 கிலோவைக் குறைத்தது. கியர் விகிதங்களையும் குறுக்கியது. மிகு உச்சவிரைவுக்காகச் செய்த வேலையன்று அது. ஒரு தட்டலுக்கும் விடைக்கும் இடையிலுள்ள காலத்தைச் சுருக்கச் செய்த வேலை. ஓட்டுநரின் பாதத்துக்காக ஒரு பெருநிறுவனம் இவ்வளவு கணக்குப் போட்டது என்பதை நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறேன்.

மின்மகிழுந்துக்குக் கியர் மாற்றமே தேவையில்லை. மின்னோடி நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும். ஆயினும் ஹூண்டாய் தன் ஐயோனிக் 5 என் வண்டியில் இல்லாத எட்டுக் கியர்களை மென்பொருளால் நடிக்கவைத்து, மாற்றத்தின்போது ஒரு குலுக்கலையும் ஊட்டியிருக்கிறது. அந்தக் குலுக்கல் எதனோடும் தொடர்பற்றது. அணைத்துவிட்டால் வண்டி இன்னும் நன்றாகவே ஓடும். சுவீடனின் கேனிக்செக் 2022இல் காட்டிய சிசி850 வேறு வகை. ஒன்பது கியர் கொண்ட அதன் பெட்டி தானாகவும் மாறும்; ஓட்டுநர் விரும்பினால் கிளட்ச் மிதியும் ஆறு கியர்க் கோலுமாக நடந்துகொள்ளும். இடையில் மின்னணு இருந்தாலும் மிதி உண்மையான கிளட்சையே ஆள்கிறது. தவறாக விட்டால் பொறி அணையும். பிழைக்கு விளைவு உண்டு என்பதால் அதை நான் கைமுறைக் கியரின் குடும்பத்திலேயே சேர்ப்பேன். முன்னதைச் சேர்க்கமாட்டேன்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கவலை தரும் ஒன்று கைமுறைக் கியர் வண்டிகளுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. கியர் இறக்கும்போது முடுக்கியைத் தானே தட்டிச் சுற்றை ஏற்றிக்கொள்ளும் மின்னணு உதவி அது. நிசான் தன் 370இசட் வண்டியில் முதன்முதலில் கொண்டுவந்தது. பிறகு பலரும் ஏற்றார்கள். மழையில் வழுக்கும் சாலையில் அது காப்பு; களைத்த ஓட்டுநருக்கும் நல்ல துணை. ஆனால் எப்போதும் இயங்கிக்கொண்டே இருந்தால் கோலும் மிதியும் மட்டும் மிஞ்சும். அவற்றால் கற்கவேண்டியது போய்விடும். நிசான் அதை அணைக்க ஒரு பொத்தானைக் கியர்க்கோலின் பக்கத்திலேயே வைத்தது. வாங்குவோர் கேட்டுப் பார்க்கவேண்டிய முதற்கேள்வி அந்தப் பொத்தானைப் பற்றியதாக இருக்கட்டும். வண்டியின் நிலைகாப்பு அமைப்பை அணைக்காமல், பல படிகள் கொண்ட திரைப்பட்டியலுக்குள் தேடாமல், ஒரே அழுத்தில் அந்த உதவியை நிறுத்த முடியவேண்டும்.